கண்டக்டர் வைத்த பால்

எங்கள் தெரு ஆற்றைத் தொட்டு முடிகிற இடத்தில் ஒரு மடம் இருந்தது. பெரிய மடம் ஒன்றும் இல்லை. ஓட்டுக் கட்டடம், மடத்தை ஆரம்பித்த பெரியசாமியின் சமாதி, பின்னால் ஒரு கிணறு, கிணற்றடியில் ஒரு முருங்கை மரம்.

நான் சொல்கிற காலத்தில் அங்கே குருவாக இருந்தவர் ஏகாம்பர சாமி. வயது நாற்பத்தைந்து இருக்கும். அவருடைய சீடர்களில் கடைசியாக வந்து சேர்ந்தவர் மாசிலாமணி. அவருக்கு வயது அறுபது. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுநாளே துணிப்பையோடு மடத்துக்கு வந்துவிட்டார். சாமி முதல் தெருக்காரர்கள் வரை எல்லோருக்கும் அவர் கண்டக்டர்தான்.

அவருடைய குரல்தான் அவருக்குத் தொல்லை. ரகசியம் பேசினால்கூடத் தெருமுனை டீக்கடை வரை கேட்கும்.

அந்த மடத்தில் தீட்சை கொடுப்பதற்கு ஒரு வழக்கம் உண்டு. நாள் பார்ப்பதில்லை, முன்கூட்டிச் சொல்வதில்லை. சாமி தன் கையால் கிணற்றில் ஒரு வாளி தண்ணீர் இறைத்து, சீடன் தலையில் ஊற்றுவார். அதுதான் ஆரம்பம். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

அதனால் கிணற்று ராட்டினம் சத்தம் கேட்டாலே மாசிலாமணிக்கு உடம்பு நிமிர்ந்துவிடும். ஒருநாள் காலையில் சாமி வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். மாசிலாமணி ஓடிப்போய் அவர் முன்னால் தலையைக் குனிந்து நின்றார்.

“நகருங்க கண்டக்டரே,” என்றார் சாமி. “முருங்கைக்கு ஊத்தணும்.”

அன்று மாலை மாசிலாமணி நேராகவே கேட்டுவிட்டார்.

“சாமி, எனக்கு எப்போ?”

“ஒரு நல்ல காரியம் செய்யுங்க. ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. அப்புறம் பார்க்கலாம்.”

“செஞ்சுட்டு உங்ககிட்ட வந்து சொல்றேன்.”

“எனக்கும் தெரியக் கூடாது.”

மாசிலாமணி யோசித்தார்.

“அப்போ நான் செஞ்சேன்னு உங்களுக்கு எப்படி சாமி தெரியும்?”

“தெரியாது.”

“தெரியாம எப்படித் தீட்சை கொடுப்பீங்க?”

“அது என் கஷ்டம். நீங்க உங்க கஷ்டத்தைப் பாருங்க.”

மறுநாளிலிருந்து மாசிலாமணி ரகசியமாக நன்மை செய்யக் கிளம்பினார். விடிவதற்கு முன் எழுந்து தெருவைப் பெருக்கினார். பெருக்கும்போது தன்னை அறியாமல், “உள்ளே போ, உள்ளே போ, இடம் இருக்கு,” என்று குப்பையை அதட்டினார். தெரு முழுக்க விழித்துக்கொண்டது. படித்துறையில் வழுக்கிய பாசியைச் சுரண்டினார். குளிக்க வந்தவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். “கும்பிடாதீங்கய்யா, நான் செய்யலே,” என்று கத்தினார். அதைக் கேட்டு அக்கரையில் துணி துவைத்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்போதுதான் அந்தப் பூனை வந்தது.

எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. வெள்ளையில் செம்பட்டைத் திட்டுகள், ஒரு காது பாதி இல்லை. வயிறு மட்டும் கொஞ்சம் உப்பியிருந்தது. தெருவில் ஒவ்வொரு வாசலிலும் நின்று பார்த்தது. ஒரு வீட்டில் தண்ணீர் தெளித்தார்கள், ஒரு வீட்டில் விளக்குமாறு பறந்தது. கடைசியில் மடத்துப் பின்பக்கம் வந்து முருங்கை மரத்தடியில் உட்கார்ந்துகொண்டது.

மாசிலாமணி அதைப் பார்த்தார். பூனை பேசாது. பேசினாலும் நன்றி சொல்கிற ஜாதி இல்லை. அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது.

மடத்தில் தினமும் மாலை சமாதிக்குப் பால் நைவேத்தியம் செய்வார்கள். மிச்சத்தை ஆளுக்கு ஒரு தம்ளர் என்று சமையல்கார உண்ணாமலை ஊற்றிக் கொடுப்பாள். அன்று மாசிலாமணி தன் தம்ளரைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு கிணற்றுப் பின்னால் போனார். இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார், மதில் மேல் பார்த்தார். ஒரு கொட்டாங்கச்சியில் பாலை ஊற்றி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டார்.

அது தினப்படி ஆயிற்று. பூனைக்கு அவர் பெயர் வைக்கவில்லை. வைத்தால் கூப்பிடத் தோன்றும். அவர் கூப்பிட்டால் ஊருக்கே கேட்கும்.

ஆனால் முகத்தை என்ன செய்வது? சாமி உட்கார்ந்திருக்கும் பக்கமாகக் காரணமே இல்லாமல் நடந்து, ஒரு மாதிரி சிரித்துக்கொண்டு போனார். திரும்பி வரும்போதும் சிரித்தார்.

“பல் வலியா கண்டக்டரே?” என்றார் சாமி.

“இல்லீங்க சாமி.”

“கிராம்பு வெச்சுக்கிடுங்க.”

இப்படியே போயிருந்தால் கதை இல்லை. ஒரு மாலை உண்ணாமலை சாம்பல் கொட்டப் பின்பக்கம் போனாள். எதிரே பூனை வந்தது. அதன் மீசையெல்லாம் பால்.

அவள் போட்ட கூச்சலுக்கு நாங்கள் எல்லோரும் ஓடினோம்.

“பால் சட்டியில வாய் வெச்சிருக்கு சாமி! பெரியசாமிக்கு எச்சில் பாலை வெச்சுட்டேனே! இத்தனை பேருக்கும் எச்சில் பாலை ஊத்திட்டேனே!”

குடித்து முடித்திருந்தவர்கள் முகம் கோணிற்று. ஒருவர் வாய் கொப்பளிக்கப் போனார். மாசிலாமணி தூணைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் உண்ணாமலை பால் சட்டியை மூடி, மூடி மேல் அம்மிக் குழவியை ஏற்றி வைத்தாள். சாயங்காலம் பூனை வந்தது. மீசை வெள்ளை.

“குழவியை நகர்த்தியிருக்கு!”

அதற்கு மறுநாள் சட்டிக்குப் பக்கத்திலேயே மணை போட்டு உட்கார்ந்துகொண்டாள். காய் நறுக்கினாள், அரிசி களைந்தாள், பார்வையைச் சட்டியை விட்டு எடுக்கவில்லை. எழுந்து போக மனமில்லாததால் சமாதிக்கு அன்று கற்கண்டு மட்டும்தான். மற்றவர்களுக்குப் பாலை ஊற்றுகிற நேரத்தில் ஜன்னல் வழியாகப் பூனை தெரிந்தது. அதற்குள் எப்படியோ மீசை வெள்ளையாகத்தான் இருந்தது. அன்று மாசிலாமணி முதல் ஆளாகத் தம்ளரை நீட்டியிருந்தார். அதை யாரும் கவனிக்கவில்லை.

“கண்ணைக் கட்டிட்டுக் குடிச்சிருக்கு,” என்று உண்ணாமலை நெஞ்சில் கை வைத்தாள். “இது பூனையே இல்ல.”

அதற்கப்புறம் யாரும் பாலைத் தொடவில்லை. எல்லோரும் சுக்குத் தண்ணீருக்கு மாறினார்கள். தினமும் பாலைக் காய்ச்சுவது, பூனை மீசையைப் பார்ப்பது, பாலை முருங்கை மரத்து வேரில் கொட்டுவது என்று ஆகிவிட்டது. இரண்டு பேர் மட்டும் தம்ளரை நீட்டினார்கள். ஒருவர் மாசிலாமணி.

“பூனை எச்சில்னு தெரிஞ்சுமா குடிக்கிறீங்க?” என்று உண்ணாமலை அருவருத்தாள்.

“எனக்கு ஒண்ணும் பண்ணாது. ஊத்தும்மா.”

இன்னொருவர் சாமி. அவர் எதுவும் சொல்லாமல் வாங்கிக் குடித்தார்.

முருங்கை மட்டும் அந்த வருஷம் அப்படிக் காய்த்தது.

கடைசியில் ஒருநாள் காலை உண்ணாமலை கரண்டியைக் கொண்டுவந்து சாமி முன்னால் வைத்தாள்.

“ஒண்ணு இந்தப் பூனை இருக்கட்டும். இல்ல நான் இருக்கேன். குருபூஜை வருது. எச்சில் பாலை வெச்சுக்கிட்டு நான் பெரியசாமி முன்னால நிக்க மாட்டேன்.”

“என்ன செய்யலாம்?”

“சாக்குல போட்டு ஆத்துக்கு அக்கரையில விட்டுடணும். பஸ்ஸுல கொண்டு போனாத்தான் வழி தெரியாது.”

சாமி சுற்றும் முற்றும் பார்த்தார்.

“பஸ்ஸுன்னா நம்ம கண்டக்டர்தான்,” என்றார். பிறகு மாசிலாமணியைப் பார்த்தார். “உங்களுக்கு ஏதாவது சொல்லணுமா?”

மாசிலாமணிக்குத் தொண்டை வரை வந்தது. பூனை திருடவில்லை, நான்தான் வைத்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் பூனை தப்பிக்கும். சொன்ன நிமிஷமே ரகசியம் போய்விடும். தீட்சையும் போய்விடும். இவ்வளவு நாள் காப்பாற்றியது. தெருவைப் பெருக்கியும் கிடைக்காதது.

அக்கரையிலும் மனிதர்கள் இருக்கிறார்கள், அங்கேயும் பால் இருக்கும் என்று அவர் மனசு சொல்லிற்று.

“ஒண்ணும் இல்லீங்க சாமி,” என்றார்.

பூனையைப் பிடிக்க உண்ணாமலை கூடை, கயிறு, பழைய பாய் எல்லாம் எடுத்து வைத்திருந்தாள். ஒன்றும் தேவைப்படவில்லை. மாசிலாமணி சாக்கை விரித்துப் பிடித்தார். பூனை அவர் முகத்தைப் பார்த்தது, தானாக நடந்து உள்ளே போய்விட்டது.

“உங்ககிட்ட மட்டும் எப்படி இப்படி வருது?” என்றாள் உண்ணாமலை.

“முப்பது வருஷம் கூட்டத்தை ஏத்தினவன்மா நான்,” என்றார். அவர் குரல் அன்று தெருமுனை வரை கேட்கவில்லை.

அக்கரைக்குப் போகிற பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன் சிட்டிபாபு. மாசிலாமணியிடம் வேலை பழகியவன்.

“அண்ணே! வாங்கண்ணே, உக்காருங்க. சாக்குல என்ன?”

“துணி.”

சாக்கு மியாவ் என்றது.

“அண்ணே, கோழிக்கு லக்கேஜ் போடணும்னு எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கதான். ஒரு பாட்டிகிட்ட குஞ்சுக்குத் தனியா கேட்டீங்க. பூனைக்கு என்ன போடறது?”

“பேசாம ஒரு டிக்கெட் கொடு.”

“பெரியவருக்கு ஒண்ணு. துணிக்கு ஒண்ணு,” என்று சிட்டிபாபு கிழித்துக் கொடுத்தான். பஸ்ஸே சிரித்தது.

பக்கத்து இருக்கையில் மீன் விற்றுவிட்டுத் திரும்புகிற ஓர் அம்மாள். காலுக்கடியில் காலிக் கூடை. கூடை காலி என்றாலும் வாசனை காலி இல்லை. சாக்கு குதிக்க ஆரம்பித்தது. கட்டு நெகிழ்ந்து பூனையின் தலை வெளியே வந்தது, பிறகு முன்னங்கால்கள் வந்தன. அந்த அம்மாள் அதன் பிடரியைப் பிடித்து, மீனைத் தூக்கிப் பார்ப்பதுபோல் தூக்கிப் பார்த்தாள்.

“யோவ் பெரியவரே, இதை எங்க கொண்டு போற?”

“அக்கரையில விடப் போறேன்.”

“குட்டியெல்லாம் எங்க?”

“எந்தக் குட்டி?”

“மடியப் பாருய்யா. கனத்துக் கிடக்கு. பால் குடிக்கிற குட்டி எங்கயோ இருக்கு. தாயத் தூக்கிட்டு வந்துட்ட. இது வயித்துல இருந்ததும் தெரியல, இறங்கினதும் தெரியலயா? இத்தனை நாளா கண்ண எங்க வெச்சிருந்த?”

பஸ் அப்போது பாலத்தின் நடுவில் போய்க்கொண்டிருந்தது.

“ஹோல்டான்!”

ஓய்வு பெற்ற பிறகு மாசிலாமணி பஸ்ஸில் அந்தக் குரலை எடுத்தது அது முதல் தடவை. டிரைவரின் கால் தானாக பிரேக்கை மிதித்தது. பின்னால் வந்த லாரி நின்றது. எதிரே வந்த மாட்டுவண்டியும் நின்றது. ஆற்றில் தூண்டில் போட்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

“அண்ணே, இங்க ஸ்டாப்பிங் இல்லண்ணே!” என்றான் சிட்டிபாபு.

அதற்குள் மாசிலாமணி இறங்கிவிட்டார். சாக்கில் போட நேரமில்லை. பூனையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பாலத்தில் மடத்தைப் பார்த்து ஓடினார். படித்துறையில் நின்றிருந்த நான், அறுபது வயதில் யாரும் அப்படி ஓடிப் பார்த்ததில்லை. பூனை அவர் தோளைப் பிறாண்டியது, சட்டையில் மூத்திரம் பெய்தது, காதருகில் கத்தியது. அவரும் பதிலுக்குக் கத்திக்கொண்டே வந்தார். “இருடி, இருடி, வந்தாச்சு, இறங்கற இடம் வந்தாச்சு!”

மடத்து வாசலில் உண்ணாமலை வழியை மறித்தாள்.

“கொண்டு போன சனியனைத் திருப்பிக் கொண்டு வர்றீங்களா?”

“வழி விடும்மா! குட்டி போட்டிருக்கு!”

பூனை அவர் கையிலிருந்து தாவிற்று. கூடத்தைக் கடந்து, தூணில் ஏறி, பரணுக்குள் மறைந்தது. பரணில் பெரியசாமியின் பல்லக்கு இருந்தது. குருபூஜை அன்று அவர் படத்தை வைத்துத் தெருவில் எடுத்துப் போகிற பல்லக்கு. வருஷத்தில் மற்ற நாள் யாரும் அங்கே ஏறுவதில்லை. ஏணி வைத்து ஏறிப் பார்த்தோம். சிவப்புப் பட்டு மெத்தையில் மூன்று குட்டிகள். கண்கூடத் திறக்கவில்லை. தாய் வந்து படுத்ததும் ஒன்றன் மேல் ஒன்று ஏறி விழுந்து குடித்தன.

“பெரியசாமி பல்லக்குல பிரசவமா!” உண்ணாமலை தலையில் அடித்துக்கொண்டாள். “திருட்டுப் பூனை, செய்யறதெல்லாம் பாருங்க!”

“திருட்டுப் பூனை இல்ல!” மாசிலாமணி கத்தினார். அதற்குள் தெருவே வாசலில் கூடிவிட்டது. “பால் நான் வெச்சது! என் தம்ளர் பால்! தினம் கிணத்துக்குப் பின்னால நான்தான் வெச்சேன்! அது உங்க சட்டிப் பக்கமே வரல!”

உண்ணாமலை தலையிலிருந்து கையை எடுத்தாள்.

“அப்போ,” என்றாள் உண்ணாமலை மெதுவாக, “நான் முருங்கைக்குக் கொட்டினதெல்லாம்?”

“நல்ல பால்.”

“பெரியசாமிக்கு வெச்சது?”

“அதுவும் நல்ல பால்.”

உண்ணாமலை ஏணியடியில் உட்கார்ந்துவிட்டாள். அழப் போகிறாளா, கரண்டியை எடுக்கப் போகிறாளா என்று யாருக்கும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்தாள். யாரையும் பார்க்காமல் கேட்டாள்:

“குட்டி போட்டவளுக்குப் பாலைச் சூடா கொடுக்கணுமா, ஆற வெச்சா?”

சாமி இதையெல்லாம் கூடத்து ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்த வருஷம் படத்தைக் கையில தூக்கிக்கிட்டுப் போவோம்,” என்று மட்டும் சொன்னார்.

கூட்டம் கலைந்தது. மாசிலாமணி சாமி முன்னால் வந்து நின்றார். சட்டை தோளில் கிழிந்திருந்தது. மேலெல்லாம் கீறல். நாற்றம் அவருக்கு முன்னால் வந்தது.

“ரகசியம் போச்சு சாமி. தெருவுக்கே தெரிஞ்சு போச்சு.”

“ஆமாம். எனக்கும் நல்லாக் கேட்டுது.”

“தீட்சை இல்லேன்னு எனக்குத் தெரியும். நான் ஊருக்குப் போகட்டுமா?”

சாமி அவர் தோளில் இருந்த கீறலைப் பார்த்தார்.

“இவ்வளவு நாள் பால் வெச்சீங்களே, அது சினைன்னு தெரியலையா?”

மாசிலாமணி தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

“நான் பூனையைப் பாக்கல சாமி. யாராவது பாக்கறாங்களான்னு பாத்துக்கிட்டிருந்தேன்.”

“பாலத்துல இறங்கினீங்களே, அப்போ யார் பார்த்தாங்க?”

“பஸ்ஸுல இருந்த எல்லாருமே பாத்திருப்பாங்க. நான் கவனிக்கல.”

“தீட்சை போயிடும்னு தோணலையா?”

“அதெல்லாம் இங்க வந்து கத்தினதுக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்துது.”

“நல்ல காரியம் செய்யறோம்னாவது தோணிச்சா?”

“எங்க சாமி தோணும்? அது காதைக் கடிச்சுக்கிட்டிருந்துது.”

சாமி தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். பிறகு பின்பக்கம் நடந்தார். மாசிலாமணியும் பின்னாலேயே போனார், விடை கொடுப்பார் என்று.

ராட்டினம் கிறீச்சிட்டது. வாளி கீழே போயிற்று, நிறைந்து மேலே வந்தது. மாசிலாமணி வழக்கம்போல ஓடவில்லை. ஓரமாக ஒதுங்கி, மரத்துக்கு வழி விட்டு நின்றார்.

சாமி வாளியோடு அவர் முன்னால் வந்து நின்றார்.

“முருங்கைக்கா சாமி?”

“குனிங்க,” என்றார் சாமி.